ஆங்கிலம் எங்கிருந்து வந்தது? ஒரு முட்டையிலிருந்து தொடங்குவோம்

தேம்ஸ் ஆற்றில் கிளம்பிய ஒரு கப்பல் கடலைத் தாண்டி ஜீலாந்துக்குப் போக வேண்டும். இன்றைய நெதர்லாந்தில் இருக்கிற பகுதி அது. காற்று வீசவில்லை. கப்பலில் இருந்த வணிகர்கள் தென்கிழக்கு இங்கிலாந்தின் கென்ட் கரையில் இறங்கி, ஏதாவது சாப்பிடக் கிடைக்குமா என்று ஒரு வீட்டுக்குப் போகிறார்கள். ஷெஃபீல்ட் என்ற துணி வணிகர் அந்த வீட்டு அம்மாவிடம் 'எக்ஸ்' வேண்டும் என்கிறார். முட்டைதான். அந்த அம்மா தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்று சொல்லிவிடுகிறார். வணிகருக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் அவருக்கும் பிரெஞ்சு தெரியாது. கடைசியில் கூட வந்த இன்னொருவர் 'ஐரன்' என்று கேட்ட பிறகுதான் அந்த அம்மாவுக்குப் புரிகிறது.

இந்த நிகழ்ச்சியை எழுதி வைத்தவர் வில்லியம் காக்ஸ்டன். இங்கிலாந்துக்கு அச்சுக்கூடத்தைக் கொண்டு வந்தவர் அவர். 1476-இல் லண்டனை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டரில் அதை நிறுவினார். 1490-இல் தான் அச்சிட்ட ஒரு நூலின் முன்னுரையில் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, இந்தக் காலத்தில் ஒருவன் எதைத்தான் எழுதுவது, எக்ஸா ஐரனா என்று கேட்கிறார். அச்சடிப்பவருக்கு அது நிஜமான பிரச்சினை. இரண்டில் ஒன்றைத்தானே அச்சுக் கோக்க முடியும்?

ஒரே நாட்டில், ஒரே மொழியில், முட்டைக்கு இரண்டு சொல் எப்படி வந்தது? இதற்குப் பதில் தேடிப் போனால் ஆங்கிலத்தின் பாதி வரலாறு கையில் வந்துவிடும்.

பிரிட்டன் தீவில் முதலில் பேசப்பட்டது ஆங்கிலமே அல்ல. இன்றைய வெல்ஷ் மொழிக்கு மூதாதையான கெல்டிக் மொழிகள்தான் அங்கே இருந்தன. ஏறக்குறைய 400 ஆண்டுகள் ரோமானியர்கள் ஆண்டார்கள். கி.பி. 410 வாக்கில் அவர்களுடைய ஆட்சி முடிந்தது. அதற்கு அடுத்த நூற்றாண்டுகளில் இன்றைய வட ஜெர்மனி, டென்மார்க் பகுதிகளிலிருந்து ஆங்கிள், சாக்சன், ஜூட் என்ற குழுக்கள் கடல் கடந்து வந்து குடியேறின. 'ஆங்கிள்' மக்களின் பெயரிலிருந்துதான் இங்கிலாந்து, இங்கிலீஷ் இரண்டும் வந்தன. ஜெர்மனும் டச்சும் ஆங்கிலத்துக்குப் பங்காளிகள் என்பது இதனால்தான்.

அவர்கள் பேசியதைப் பழைய ஆங்கிலம் என்கிறோம். இன்றைய ஆங்கிலேயருக்குப் படித்தால் ஒரு வரிகூடப் புரியாது. ஆனால் அதன் இலக்கண அமைப்பு தமிழருக்குப் பழகியதுபோல இருக்கும். 'ராமன் பாம்பைக் கொன்றான்' என்று சொன்னாலும், 'பாம்பை ராமன் கொன்றான்' என்று சொன்னாலும் நமக்குப் பொருள் மாறாது. அந்த 'ஐ' உருபு காப்பாற்றிவிடுகிறது. பழைய ஆங்கிலத்திலும் பெயர்ச்சொற்களின் கடைசியில் இப்படி வேற்றுமை உருபுகள் ஒட்டின. அதனால் சொற்களை இடம் மாற்றிப் போட முடிந்தது. இன்றைய ஆங்கிலத்தில் இரண்டு பெயர்களை இடம் மாற்றினால் பாம்பு ராமனைக் கொன்றுவிடும்.

அந்த உருபுகள் எங்கே போயின? இங்கேதான் ஸ்காண்டிநேவியாவிலிருந்து கப்பலில் வந்த வைக்கிங்குகள் வருகிறார்கள். 793-இல் லிண்டிஸ்ஃபார்ன் தீவிலிருந்த மடத்தைத் தாக்கியது அவர்களுடைய புகழ்பெற்ற முதல் தாக்குதல்களில் ஒன்று. பிறகு கொள்ளையடிக்க வந்தவர்கள் குடியேறவும் தொடங்கினார்கள். 878-இல் தென் இங்கிலாந்தின் வெசெக்ஸ் நாட்டு அரசர் ஆல்ஃபிரட் அவர்களைத் தோற்கடித்தாலும், நாட்டின் வடக்கும் கிழக்கும் அவர்கள் கையில்தான் இருந்தன. அவர்களுடைய மொழி பழைய நார்ஸ். அதுவும் ஆங்கிலத்துக்குப் பங்காளி முறைதான். வேர்ச்சொல் பல ஒன்றுபோல இருந்தன, விகுதிகள்தான் வேறு. அடுத்தடுத்த ஊரில் இருந்துகொண்டு, சந்தையில் பேரம் பேசி, பெண் கொடுத்துப் பெண் எடுத்து வாழ்ந்தவர்களுக்கு வேர்ச்சொல் போதும், விகுதி இடைஞ்சல். இந்தக் கலப்புதான் உருபுகள் தேய்ந்துபோக ஒரு முக்கியக் காரணம் என்று மொழியியலாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

நார்ஸ் கொடுத்த சொற்களைப் பார்த்தால் அந்தக் கலப்பு எவ்வளவு நெருக்கமானது என்று தெரியும். வானத்துக்கு 'ஸ்கை', கணவனுக்கு 'ஹஸ்பண்ட்', சட்டத்துக்கு 'லா', ஜன்னலுக்கு 'விண்டோ', எடுப்பதற்கு 'டேக்' எல்லாம் அங்கிருந்து வந்தவை. 'அவர்கள்' என்பதற்கான 'தே', 'தெம்' கூட நார்ஸ்தான். ஒரு மொழி இன்னொன்றிடமிருந்து பாத்திரப் பெயரை வாங்கும், துணிப் பெயரை வாங்கும். 'அவர்கள்' என்ற சொல்லையே வாங்குவது அபூர்வம். நம் முட்டையும் இதில் இருக்கிறது. 'எக்' நார்ஸ் சொல், 'ஐ' என்ற ஒருமையும் 'ஐரன்' என்ற பன்மையும் பழைய ஆங்கில வழி வந்தவை. வடக்கிலிருந்து வந்த சொல் லண்டன் வணிகர் வாய்க்கு வந்துவிட்டது, கென்ட் வீட்டு அம்மாவின் காதுக்கு இன்னும் வந்து சேரவில்லை. அவ்வளவுதான் அந்தச் சண்டை.

சரி, அந்த அம்மா ஏன் அதைப் பிரெஞ்சு என்று நினைத்தார்? அதற்கும் காரணம் உண்டு.

1066-இல் பிரான்சின் நார்மண்டிப் பகுதியிலிருந்து வந்த வில்லியம், ஹேஸ்டிங்ஸ் போரில் வென்று இங்கிலாந்து மன்னரானார். அடுத்த 300 ஆண்டுகளுக்கு அரண்மனை, நீதிமன்றம், பெரிய வீடுகள் எல்லாம் பிரெஞ்சு மயம். தேவாலயத்தில் லத்தீன். வயலில் வேலை செய்தவர்கள் போன்ற சாதாரண மக்கள் ஆங்கிலம் பேசினார்கள். இதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு, இன்றும் அதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. தொழுவத்தில் நிற்கும்போது மாடு 'கவ்', தட்டில் வரும்போது 'பீஃப்'. ஆடு 'ஷீப்', அதன் கறி 'மட்டன்'. மேய்த்தவன் சொல் ஆங்கிலம், தின்றவன் சொல் பிரெஞ்சு. கோர்ட், ஜட்ஜ், பார்லிமெண்ட், கவர்ன்மெண்ட் என்று நாம் தமிழ்ப் பேச்சில் சாதாரணமாகச் சொல்லும் அதிகாரச் சொற்கள் பலவும் அந்த நார்மன் கோட்டை வழியாக வந்தவைதான்.

இதன் விளைவாக ஆங்கிலத்தில் ஒரே பொருளுக்கு இரண்டு மூன்று சொற்கள் அடுக்காக நின்றன. கேட்பதற்கு 'ஆஸ்க்' என்பது வீட்டுச் சொல். 'க்வெஸ்சன்' பிரெஞ்சு. 'இன்டராகேட்' லத்தீன், போலீஸ் விசாரணையில் கேட்கிற சொல். நாம் தண்ணீர் குடிக்கிறோம், கோவிலில் தீர்த்தம் வாங்குகிறோம். இரண்டும் நீர்தான், ஆனால் மாற்றிச் சொல்ல முடியாது. ஆங்கிலச் சொற்களில் எது வீட்டுக்கு, எது அலுவலகத்துக்கு என்று தடுமாறுகிறவர்கள் இந்த அடுக்கை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். குட்டையான, உருட்டுக்கட்டை போன்ற சொல் பெரும்பாலும் பழைய ஆங்கிலம். நீளமாக, 'ஷன்' என்று முடிவது பெரும்பாலும் பிரெஞ்சோ லத்தீனோ.

ஆங்கிலம் மறுபடி எழுந்தது மெதுவாகத்தான். 1204-இல் நார்மண்டி கைவிட்டுப் போனது. 1348-இல் வந்த கொள்ளைநோய் மக்கள்தொகையில் கணிசமான பகுதியை அழித்தது. பிழைத்த உழைப்பாளிகளுக்கு மதிப்புக் கூடியது, அவர்கள் மொழிக்கும்தான். 1362-இல் நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் வழக்காட வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதினார்கள்! பழக்கம் அவ்வளவு ஊறியிருந்தது. அதே நூற்றாண்டின் இறுதியில் ஜெஃப்ரி சாசர் லண்டன் ஆங்கிலத்தில் பெரிய கவிதை எழுதிக் காட்டினார்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆங்கில ஸ்பெல்லிங்.

எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்று என்று ஆங்கிலத்தைத் திட்டாத தமிழ்ப் பிள்ளை கிடையாது. 'நைஃப்' எழுத முதலில் கே எதற்கு? 'நைட்' என்ற வீரனுக்கு நடுவில் ஜி, எச் எதற்கு? இதற்குப் பதில் எளிது: அவை எல்லாம் ஒரு காலத்தில் ஒலித்த எழுத்துகள். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் ஏறக்குறைய 'க்னிஹ்ட்'. முதலில் வரும் க் கேட்டது, நடுவில் தொண்டையிலிருந்து வரும் ஹ் கேட்டது. ஜெர்மன் மொழியில் அதன் உறவுச் சொல்லை இன்றும் 'க்னெக்ட்' என்று கே விடாமல்தான் சொல்கிறார்கள். ஆங்கிலேயர் வாய் மாறியது, கை மாறவில்லை.

உயிரொலிகளில் நடந்தது இன்னும் பெரிது. ஏறக்குறைய 1400-க்கும் 1700-க்கும் இடையில் ஆங்கிலத்தின் நெடில்கள் எல்லாம் இடம் பெயர்ந்தன. சாசர் காலத்தில் பெயர் என்ற சொல் 'நாமெ'. இன்று 'நேம்'. எலி அன்று 'மூஸ்', இன்று 'மவுஸ்'. நிலா 'மோன்' ஆக இருந்து 'மூன்' ஆனது. ஆ இருந்த இடத்துக்கு ஏ வந்தது, ஏ இருந்த இடத்துக்கு ஈ வந்தது, ஈ போய் ஐ ஆனது. ஏன் இப்படி நடந்தது என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை. ஆனால் நடந்ததற்கு அடையாளம் ஆங்கில அரிச்சுவடியிலேயே இருக்கிறது. அதன் முதல் மூன்று உயிரெழுத்துகளின் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: ஏ, ஈ, ஐ. இந்தப் பெயர்ச்சிக்கு முன்பு அவற்றின் பெயர்கள் ஆ, ஏ, ஈ. பிரான்சிலும் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் முதல் எழுத்தை இன்றும் 'ஆ' என்றுதான் சொல்கிறார்கள். இதை முதலில் அறிந்தபோது எனக்கு இரண்டு நாள் வேறு நினைப்பே இல்லை.

இந்தப் பெயர்ச்சி நடந்துகொண்டிருந்த நேரத்தில்தான் காக்ஸ்டன் அச்சுக்கூடம் வைத்தார். உச்சரிப்பு ஓடிக்கொண்டிருக்க, அச்சு அதன் பழைய உருவத்தைப் பிடித்து நிறுத்திவிட்டது. அப்புறம் படித்தவர்கள் வேறு தங்கள் பங்குக்குச் சிக்கலைக் கூட்டினார்கள். கடன் என்ற 'டெட்' சொல்லில் முதலில் பி கிடையாது. பிரெஞ்சிலிருந்து பி இல்லாமல்தான் வந்தது. லத்தீன் மூலத்தில் பி இருக்கிறதே என்று பின்னால் செருகினார்கள். தீவு என்ற 'ஐலண்ட்' சொல்லில் எஸ் வந்தது அதைவிட மோசம். அது சுத்தமான பழைய ஆங்கிலச் சொல். பிரெஞ்சு வழி வந்த 'ஐல்' என்ற சொல்லுக்கு உறவு என்று தவறாக நினைத்து அந்த எஸ்ஸைப் போட்டார்கள். அந்தத் தவற்றை இன்று உலகம் முழுக்கக் குழந்தைகள் மனப்பாடம் செய்கிறார்கள். என் கணக்கில் ஸ்பெல்லிங் தப்பாக எழுதுகிற பிள்ளை முட்டாள் அல்ல. பல நேரம் அது 600 ஆண்டுக்கு முன்பு சரியாக இருந்ததைத்தான் எழுதுகிறது.

நமக்கு ஆர்வமூட்டும் இன்னொரு மாற்றம் 'யூ'. ஆங்கிலத்தில் நீ, நீங்கள் வித்தியாசம் இல்லை, மரியாதை தெரியாத மொழி என்று நம்மூரில் சொல்வார்கள். உண்மை தலைகீழ். ஷேக்ஸ்பியர் காலத்தில் இரண்டு சொல் இருந்தன. 'தௌ' என்பது நீ. 'யூ' என்பது நீங்கள், முதலில் பலரைக் குறிக்க, பிறகு பிரெஞ்சுப் பழக்கத்தைப் பின்பற்றி ஒருவரை மரியாதையாகக் குறிக்கவும். நகரங்களில் யாரை எப்படி அழைப்பது என்ற தயக்கம் வளர வளர எல்லோரையும் 'யூ' என்றே சொல்லத் தொடங்கினார்கள். 'தௌ' பொதுப் பேச்சிலிருந்து மறைந்தது. ஆக, ஆங்கிலம் தொலைத்தது நீங்களை அல்ல, நீயை. ஒரே ஆளிடம் பேசும்போதும் 'யூ ஆர்' என்று பன்மை வினை வருவது அதனால்தான்.

ஆனால் பன்மைக்குத் தனிச் சொல் இல்லாமல் வாழ்வது கஷ்டம். அமெரிக்கத் தென்மாநிலங்களில் 'யால்' என்று ஒன்றை உண்டாக்கிக்கொண்டார்கள். அயர்லாந்திலும் லிவர்பூலிலும் 'யூஸ்' என்கிறார்கள். இவை கொச்சை என்று பள்ளிக்கூடம் சொல்லும். எனக்கு இவை ஓட்டையை அடைக்க மக்கள் கண்டுபிடித்த நல்ல வழிகளாகத் தெரிகின்றன. ஆங்கில வகைகளைப் பற்றிப் பேச இதுதான் சரியான இடம்.

இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்வோம். உச்சரிப்பு மட்டும் மாறினால் அது பேச்சுத்தொனி. சொல்லும் இலக்கணமும் சேர்ந்து மாறினால் அது வட்டார வழக்கு. 'தரமான ஆங்கிலம்' என்று பள்ளியில் சொல்லித் தருவதும் ஒரு வழக்குதான். அரசும் வணிகமும் அச்சும் குவிந்திருந்த லண்டனை ஒட்டி வளர்ந்ததால் அதற்கு அதிகாரம் கிடைத்தது. வேறு எந்தத் தனித் தகுதியும் அதற்குக் கிடையாது.

பழையது எங்கே தங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதற்கு அமெரிக்க ஆங்கிலம் சாட்சி. 1607-இல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் குடியேறியவர்கள் அன்றைய இங்கிலாந்துப் பேச்சைக் கொண்டு போனார்கள். 'கார்', 'ஹார்ட்' போன்ற சொற்களில் ர் ஒலியை அழுத்திச் சொல்வது அன்று இங்கிலாந்திலும் வழக்கம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தென்கிழக்கு இங்கிலாந்தில் அது கழன்றுபோய் 'கா' ஆனது. அமெரிக்காவின் பெரும்பகுதியும் ஸ்காட்லாந்தும் அயர்லாந்தும் ர்-ஐ விடவில்லை. இலையுதிர் காலத்தை 'ஃபால்' என்பதும், 'கெட்' என்ற வினைக்கு 'காட்டன்' என்று இறந்தகால எச்சம் சொல்வதும் இங்கிலாந்தில் கைவிடப்பட்ட பழைய வழக்குகள். அமெரிக்கர்கள் மொழியைக் கெடுத்துவிட்டார்கள் என்ற பேச்சு பாதிக்குமேல் தவறு. வேண்டுமென்றே மாற்றியது ஸ்பெல்லிங்கைத்தான். நோவா வெப்ஸ்டர் தமது 1806, 1828 அகராதிகளில் 'கலர்' சொல்லிலிருந்து யூ எழுத்தை எடுத்தார், அது நிலைத்தது. நாக்கு, பெண்கள் என்ற சொற்களையும் ஒலிப்படி எழுதச் சொன்னார், அதை யாரும் கேட்கவில்லை.

ஸ்காட்லாந்தில் இன்னும் சிலர் வீட்டை 'ஹூஸ்', எலியை 'மூஸ்' என்கிறார்கள். அந்த ஒலி அங்கே இடம் பெயரவே இல்லை. ஆஸ்திரேலியாவுக்கு 1788-இல் கைதிகளோடு போன ஆங்கிலம் லண்டன் தெருப் பேச்சின் சாயலோடு வளர்ந்தது.

அமெரிக்கக் கறுப்பின மக்கள் பலர் பேசும் ஆங்கிலத்தைத் தவறான ஆங்கிலம் என்று ஒதுக்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் 'ஷீ பி வொர்க்கிங்' என்றால் இப்போது வேலை செய்துகொண்டிருக்கிறாள் என்று பொருள் அல்ல. வழக்கமாக வேலைக்குப் போகிறவள் என்று பொருள். 'பி' என்ற ஒரே சொல் காட்டுகிற வித்தியாசம் அது. இலக்கணம் இல்லாத பேச்சில் இப்படி ஒரு நுட்பம் வராது.

இன்னும் தள்ளிப் போன வகைகளும் உண்டு. மொழி பொருந்தாத மக்கள் வேலைக்காகவோ வணிகத்துக்காகவோ சேரும்போது ஒட்டுப்போட்ட பேச்சு ஒன்று உருவாகும். அது பிட்ஜின். அதைக் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு அதுவே தாய்மொழியாகும்போது முழு மொழியாக விரியும். அது கிரியோல். கரும்புத் தோட்டங்களுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டவர்கள் உருவாக்கிய ஜமைக்காவின் பாட்வா அப்படிப்பட்டது. அதில் சாப்பிடுவதற்கு 'நியாம்' என்ற மேற்கு ஆப்பிரிக்கச் சொல் இன்றும் இருக்கிறது. பாப்புவா நியூ கினியில் டோக் பிசின் அரசு மொழிகளில் ஒன்று. மருத்துவமனைக்கு அதில் 'ஹவுஸ் சிக்', தலைமுடிக்கு 'கிராஸ் பிலாங் ஹெட்', தலையின் புல். உள்ளே ஆங்கிலச் சொற்கள், ஆனால் லண்டன்காரர் கேட்டால் அந்தக் கென்ட் அம்மாவைப் போலத்தான் முழிப்பார்.

காஷ்மீரில் பிறந்த மொழியியலாளர் பிரஜ் கச்ரு 1985-இல் உலக ஆங்கிலத்தை மூன்று வட்டங்களாகப் பார்த்தார். தாய்மொழியாகப் பேசும் இங்கிலாந்து, அமெரிக்கா போன்றவை உள்வட்டம். ஆட்சியால் வந்து ஊன்றிய இந்தியா, நைஜீரியா, சிங்கப்பூர் போன்றவை வெளிவட்டம். அந்நிய மொழியாகக் கற்கும் சீனா, ஜப்பான் போன்றவை விரியும் வட்டம். வெளிவட்டத்தார் பேசுவதும் தனக்கென்று விதிகள் கொண்ட ஆங்கிலமே, உள்வட்டத்தின் பிழையான நகல் அல்ல என்று அவர் விடாமல் வாதிட்டார்.

நம் ஆங்கிலத்தைப் பார்த்தாலே அது விளங்கும். 'ஐ வில் கம் டுமாரோ ஒன்லி' என்கிறோம். அந்த 'ஒன்லி' வெறும் 'மட்டும்' அல்ல, 'நாளைக்குத்தான்' என்பதில் இருக்கிற 'தான்'. வெளியூர் போனால் 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்'. வெள்ளைக்கார அதிகாரிகள் தாங்கள் பணி செய்த ஊரை ஸ்டேஷன் என்றார்கள், அவர்கள் போய்விட்டார்கள், சொல் நம்மிடம் நின்றுவிட்டது. 'போஸ்ட்போன்' இருந்தால் 'ப்ரீபோன்' இருக்க வேண்டாமா என்ற நியாயமான கேள்விக்கு இந்தியா கொடுத்த பதில் ஆங்கில அகராதிகளில் ஏறிவிட்டது. சிங்கப்பூரின் சிங்கிலிஷில் முட்டாளை 'குண்டு' என்பது நம் குண்டுதான். சீன மலாய் வாய்களில் பொருள் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. சிங்கப்பூர் அரசு 2000-இல் நல்ல ஆங்கிலம் பேசச் சொல்லி ஓர் இயக்கமே தொடங்கியது. சிங்கிலிஷ் அதற்குப் பிறகும் காபிக் கடைகளில் தடையின்றி ஓடுகிறது.

கிழக்கிந்தியக் கம்பெனி 1639-இல் சென்னையில் நிலம் பெற்றுக் காலூன்றியதற்குப் பிறகு இந்தக் கரையிலிருந்தும் சொற்கள் கப்பலேறின. சுருட்டு 'ஷெரூட்' ஆனது. மிளகுத்தண்ணி 'மல்லிகடானி' என்ற சூப்பாக ஆங்கில விருந்து மேசைக்குப் போனது. கட்டுமரம் 'கேட்டமரன்' ஆகி, கட்டிய மரங்களையே மறந்து, இரட்டை உடல் கொண்ட படகுக்குப் பெயரானது.

2017-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இந்திய ஆங்கிலச் சொற்கள் பலவற்றைப் புதிதாகச் சேர்த்தது. அதில் ஒன்று 'அண்ணா'. அதுவரை அந்த ஸ்பெல்லிங்கில் அந்த அகராதியில் இருந்தது ரூபாயில் பதினாறில் ஒரு பங்கான பழைய அணாக் காசு. இப்போது அதற்குப் பக்கத்தில் நம் மூத்த சகோதரரும் நிற்கிறார்.